நண்டு சுமந்த முட்டை

சாக்குலினா என்று ஓர் ஒட்டுண்ணி உண்டு. இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவிகளுக்கு வருஷம் தவறாமல் நான் கரும்பலகையில் வரைந்து காட்டும் படம் அது. கவிழ்த்துப் போட்ட நண்டு, அதன் வயிற்று மடலுக்கு அடியில் ஒரு பை, அந்தப் பையிலிருந்து நண்டின் உடம்பு முழுக்க, கால் நுனி வரைக்கும் ஓடும் வேர்கள். நான் படித்தபோதும் இதே படத்தைத்தான் வரைந்தேன். எனக்குப் பாடம் எடுத்தவரும் இதையே வரைந்து பாஸ் ஆகியிருப்பார். எங்களில் யாரும் அதை நேரில் பார்த்ததில்லை. நம் ஊரில் விலங்கியல் பெரும்பாலும் அப்படித்தான். பார்க்காத பிராணியை அழகாக வரைந்து, பாகங்களைக் குறித்துவிட்டால் முழு மதிப்பெண்.

அந்த ஒட்டுண்ணியின் கதையைச் சொன்னால் மட்டும் வகுப்பு போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கும். அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாத அளவில் நீந்தி வந்து நண்டுக்குள் புகுந்துகொள்ளும். உள்ளே வேர் விட்டு வளரும். பிறகு, பெண் நண்டு தன் முட்டைகளை ஒட்டிவைத்துக் காக்கும் அதே இடத்தில், பையாக வெளியே வரும். பை முழுக்க ஒட்டுண்ணியின் முட்டைகள். நண்டு அதைத் தன் சினை என்று எண்ணிக்கொண்டு துடைக்கும், தண்ணீர் விசிறும், எதிரி வந்தால் காக்கும். அதற்குப் பிறகு அந்த நண்டு ஓடு கழற்றாது, வளராது, தனக்கென்று ஒரு முட்டை வைக்காது. தின்னுகிற தீனியெல்லாம் உள்ளே இருப்பவளுக்குத்தான்.

ஆண் நண்டு மாட்டிக்கொண்டால் கூத்து இன்னும் பெரிது. நண்டு, இறால் வகையில் ஆண் ஆணாக இருப்பதே ஒரு சின்னஞ்சிறு சுரப்பியின் தயவில்தான். ஒட்டுண்ணியின் வேர் அந்த வேலையைக் கெடுத்துவிடும். ஆண் நண்டின் ஒடுங்கிய மடல் பெண்ணுடையதைப் போல அகலமாகும். முட்டையே வைக்க முடியாத பிராணி, தாய் நண்டு செய்வதையெல்லாம் செய்ய ஆரம்பித்துவிடும். இந்தச் சுரப்பியின் ரகசியம் இறால் பண்ணைக்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது. நன்னீர் இறாலில் ஆண்தான் பெரிதாக வளரும் என்பதால், இளம் ஆணிடமிருந்து அந்தச் சுரப்பியை எடுத்துப் பெண்ணாக்கி, இன்னோர் ஆணோடு சேர்த்தால் பிறப்பதெல்லாம் ஆண். கடல் இறாலில் பெண்தான் எடை போடும். அங்கே பெண் வேண்டும் என்பார்கள். எது எடை போடுகிறதோ அது பிறந்தால் போதும். யார் வயிற்றில், எப்படி என்பதெல்லாம் அவர்கள் கவலை இல்லை.

நான் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். இன்னும் கொஞ்ச நாளில் ஓய்வு. கல்யாணம் ஆகவில்லை. மந்தைவெளியில் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறேன். மாடி என்றால் தனிக்குடித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். கீழே குக்கர் விசில் அடித்தால் இறங்கிப் போய் அணைப்பது நான்தான்.

அண்ணனுக்கு ஒரே பெண். அவள் பால்குடி மறக்கும் முன்பே அண்ணிக்கு ரயில்வே வேலையில் திருச்சிக்கு மாற்றல் வந்தது. வேலையை விட முடியாது, குழந்தையைத் தூக்கிக்கொண்டும் போக முடியாது என்றார்கள். "நீ இருக்கியேம்மா" என்றான் அண்ணன். இருந்தேன். அண்ணி சனிக்கிழமை வருவாள், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயிலேறுவாள். மற்ற நாட்களில் பாப்பாவுக்குச் சோறு ஊட்டியது, பள்ளிக்கூட வேனில் ஏற்றியது, காய்ச்சலில் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியது, வயதுக்கு வந்தபோது பயப்படாதே என்று கையைப் பிடித்துக்கொண்டது எல்லாம் நான். அவள் என் பக்கத்தில்தான் தூங்குவாள். ஒரு காலை என் மேல் போட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

எனக்கு வரன் வராமல் இல்லை. ஒவ்வொரு முறையும் அண்ணன், "பாப்பா இந்த வருஷம் பள்ளிக்கூடம் சேரட்டும்", "பாப்பாவுக்கு உடம்பு தேறட்டும்" என்று ஏதாவது சொல்வான். அடையாறில் ஒரு வீட்டில் என்னைக் கேட்டார்களாம். பையனும் காலேஜில் பாடம் எடுப்பவன். அண்ணன் அவர்களிடம், "என் தங்கச்சிக்குக் கல்யாணத்துல இஷ்டம் இல்லை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். இது எனக்குத் தெரிய வந்தது ரொம்ப வருஷம் கழித்து, வேறொரு கல்யாணப் பந்தியில், பாயசம் பரிமாறும்போது. அந்த வரனைக் கொண்டுவந்த உறவுக்காரப் பெண்மணியே பேச்சுவாக்கில் சொன்னாள். வீட்டுக்கு வந்து கேட்டேன். "உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். அந்த வீட்ல மாமியார் சரியில்ல" என்றான் அண்ணன். அவன் நாக்கு கொஞ்சமும் குழறவில்லை. எனக்கு அப்போதே தலைமுடி பாதி நரைத்திருந்தது.

பாப்பா படித்தாள், தரமணியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள், தி.நகரில் ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போனாள். போன வருஷம் உண்டானாள். வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். எனக்கு ஓர் ஆசை இருந்தது. பெரிய ஆசை இல்லை. அந்தக் கைகளில் என் கையால் வளையல் போட வேண்டும். பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கைகள், மருதாணி வைத்துவிட்ட கைகள். சுமங்கலிகள்தான் போட வேண்டும், பிள்ளை பெற்றவர்களாக இருந்தால் இன்னும் விசேஷம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரிந்துதான் அண்ணனிடம் நேராகக் கேட்டேன். "நான் வளையல் போடலாமா?"

அவன் செய்தித்தாளை மடித்தான், விரித்தான். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. பாப்பாகிட்டயே கேளு. அவ சொன்னா யாரு மறுக்கப் போறாங்க?"

அது நியாயமாகப் பட்டது. அவள் சொல்லிவிடுவாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. வளையல் வாங்கும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். வடக்கு மாட வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அண்ணி போனில், "அவளுக்கு ரெண்டு நாலு அளவு, அதையே வாங்கிடு" என்றாள். அது கல்யாணத்துக்கு முன் இருந்த அளவு. இப்போது கையெல்லாம் நீர் கோத்து வீங்கியிருக்கிறது. ரெண்டு நாலை ஏற்றினால் மணிக்கட்டில் உடைந்து கிழிக்கும். நான் ரெண்டு ஆறில் பச்சையும் சிவப்பும் வாங்கினேன்.

அந்த வாரக் கடைசியில் பாப்பா போன் செய்தாள். "அத்தை, நண்டு சாப்பிடணும் போல இருக்கு. அம்மா சூடுன்னு சொல்லித் தடா போட்டுட்டாங்க. நீ செஞ்சு எடுத்துட்டு வாயேன். அம்மாகிட்ட சொல்லாத."

அம்மாவிடம் சொல்லாதே என்ற சொல்லில் நான் அப்படியே குளிர்ந்துபோனேன். சின்ன வயதிலிருந்து எங்களுக்குள் ஓடும் வசனம் அது. டாக்டரிடம் அவளையே கேட்கச் சொன்னேன். நன்றாக வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பட்டினப்பாக்கம் பக்கம் மீன் வாங்கக் கிளம்பினேன்.

நான் வழக்கமாக வாங்கும் அம்மா தூரத்திலேயே பார்த்துவிட்டாள். "இன்னா டீச்சரம்மா, ஆளையே காணோம்? மீன் துன்றத வுட்டுட்டியா?"

"சினை நண்டு இருக்கா?"

"கீதே! உனக்குன்னே எடுத்து வெச்சிக்கினு கீறேன் பாரு." ஒரு நீலக்கால் நண்டை எடுத்துக் கவிழ்த்து, மடலை விரலால் நெம்பிக் காட்டினாள். அடியில் மஞ்சளாக ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. "எம்மாம் சினை பாத்தியா? யாருக்கு, வூட்ல விசேஷமா?"

"எங்க பாப்பா முழுகாம இருக்கா. கேட்டா."

"அப்ப இன்னும் ரெண்டு சேத்துப் போடறேன். புள்ளத்தாச்சி வயித்துக்குப் போவுது" என்று உண்மையாகவே சேர்த்துப் போட்டாள். எங்க பாப்பா என்றதும் யாருடைய பாப்பா என்று அவள் கேட்கவில்லை. அது ஒன்றே போதுமாயிருந்தது எனக்கு. சினை நண்டைப் பிடிக்கவோ வாங்கவோ கூடாது என்று வகுப்பில் தொண்டை கிழியப் பேசுபவள்தான் நான். வகுப்பு வேறு, வயிற்றுப் பிள்ளைக்காரியின் ஆசை வேறு என்று சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து தொட்டியில் போட்டுக் கழுவும்போதுதான் அந்த நண்டைச் சரியாகப் பார்த்தேன். சினை என்றால் விரலில் மணி மணியாக நெருடும். இது நெருடவில்லை. வழுவழுவென்று தோல் போர்த்திய பை. இடுக்கி மங்கிய நீலத்தில் இருந்தது. பெண் நண்டுக்கு அந்த நீலம் வராது. மடல் ஆணின் ஒடுக்கமும் இல்லை, பெண்ணின் அகலமும் இல்லை, நடுவில் எங்கோ நின்றிருந்தது. மடலை முழுக்கத் திறந்தால் அடியில் ஆண் நண்டுக்கே உரிய இரண்டு குச்சிகள். ஆண்தான். ஆயுசு முழுக்க வரைந்துகொண்டிருந்த பிராணி என் வீட்டுப் பாத்திரத் தொட்டியில் கிடந்தது. அதைச் சினை நண்டு என்று கேட்டு வாங்கி வந்தவள் நான். மீன்காரம்மா ஏமாந்ததில் அதிசயமில்லை. அந்த நண்டே ஏமாந்துதான் கிடந்தது. படத்தை மனப்பாடமாக வரைகிற எனக்கு என்ன கேடு?

முதலில் சந்தோஷம்தான் வந்தது, மறைக்க வேண்டியதில்லை. தனியாகச் சிரித்தேன். அதை மட்டும் எடுத்து டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். மற்றவற்றைக் குழம்பு வைத்தேன். மிளகு தூக்கலாக, தேங்காய் குறைவாக, அவளுக்குப் பிடித்த மாதிரி. தூக்கில் ஊற்றி, சோற்றைத் தனியாகக் கட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து தி.நகர் போனேன்.

அவள் மாமியார் கோயிலுக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை ஏதோ வேலையாக வெளியே போயிருந்தான். பாப்பா தரையில் உட்கார முடியாமல் டைனிங் டேபிளில் உட்கார்ந்து, ஓட்டைக் கடித்து உறிஞ்சினாள். அவள் சாப்பிடுவதைப் பார்ப்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு நிறைவு உண்டு. சின்ன வயதில் காலிலிருந்து சதையை நான் உருவித் தர வேண்டும். அன்றைக்கும் உருவி உருவித் தட்டின் ஓரத்தில் வைத்தேன். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறக்கும்போது அவளே பேச்சை எடுத்தாள்.

"அத்தை, வளைகாப்பு அன்னைக்கு நீ வீடியோ எடுக்கிறியா? உனக்குத்தான் கை ஆடாது. காசு குடுத்து வர்றவன்லாம் என் மூஞ்சிய சரியாவே எடுக்க மாட்டான்."

"வளையல் போட்டுட்டு எடுக்கிறேன்."

அவள் தட்டைப் பார்த்தாள். "அப்பா சொன்னாரு, நீ கேட்டன்னு. எனக்கு இந்த சடங்குலயெல்லாம் நம்பிக்கை இல்லைன்னு உனக்கே தெரியும். ஆனா குழந்தை விஷயம் இல்லையா அத்தை? எதுக்கு ரிஸ்க்?"

நான் இன்னொரு நண்டுக்காலை உடைத்தேன்.

"கோச்சுக்காத. நீ இல்லாம நான் இல்லைன்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து."

ஊற்றினேன். வேறு என்ன செய்வது? ரிஸ்க். அவள் மாமியார் சொல்லியிருந்தால் வயிறெரிந்து திட்டிவிட்டு மறந்திருப்பேன். அண்ணி சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். காய்ச்சல் குறையும் வரை தொட்டுத் தொட்டுப் பார்த்த கை இன்றைக்கு ரிஸ்க் ஆகிவிட்டது என்று அந்தக் கை உருவித் தந்த சதையைத் தின்றுகொண்டே அவள் சொன்னாள். தூக்கைக் கழுவாமலேயே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பனகல் பார்க் வரைக்கும் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இடித்துத் தள்ளியது நல்லதாகப் போயிற்று. அழுதாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் நண்டைக் கல்லூரிக்கு எடுத்துப் போனேன். தட்டில் கவிழ்த்துப் போட்டதும் மாணவிகள் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள். மடலை விரித்து, பையைக் காட்டி, ஆண் உறுப்பைக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசி பெஞ்சில் எப்போதும் தூங்கிவழியும் ஒரு பெண் கேட்டாள்.

"மேம், அது தன்னோட முட்டை இல்லைன்னு அந்த நண்டுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

"பாவம் மேம்."

"பாவம் ஒண்ணும் இல்ல. குறிச்சுக்கோ, பரீட்சைக்கு வரும்" என்றேன். என் குரல் எனக்கே எரிச்சலாக இருந்தது. அந்தப் பெண் அமைதியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டாள்.

வளைகாப்பு தி.நகரில் ஒரு சின்ன ஹாலில் நடந்தது. போகாமல் இருந்திருக்கலாம். கல்லூரியில் வேலை என்று ஒரு பொய் போதும். ஆனால் அவள் முகத்தை யாரும் சரியாக எடுக்க மாட்டார்கள் என்று அவள் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொருத்தியாக வந்து சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் ஏற்றினார்கள். அவளை அதுவரை பார்த்தேயிராத தூரத்து உறவுக்காரிகள்கூடப் போட்டார்கள். வளையல் ஒன்றுகூட உடையவில்லை, வழுக்கிக்கொண்டு ஏறியது. சம்பந்தியம்மா அண்ணியைப் பார்த்து, "அளவு கரெக்டா பாத்து வாங்கியிருக்கீங்க. பெத்தவளுக்குத்தானே தெரியும்" என்றாள். அண்ணி வெட்கத்தோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் நான்தான் படம் பிடித்தேன்.

பந்திக்குப் போகும் முன் யாரோ, குழந்தை பிறந்த பிறகு பாப்பா வேலைக்கு எப்படிப் போவாள் என்று கேட்டார்கள். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அண்ணியைக் கைகாட்டிப் பதில் சொன்னான். "அதுக்கு என்ன கவலை? இவளுக்கு மூட்டு வலி, இவளால முடியாது. என் தங்கச்சி ரிட்டையர் ஆகப் போறா. பாப்பாவையே அவதான் வளத்தா. இதையும் வளத்துடுவா."

"நான் சரின்னு சொல்லலையே" என்றேன். போன் ஓடிக்கொண்டிருந்தது.

"அவ அப்படித்தான் சொல்லுவா" என்றான் அண்ணன். ஹால் முழுக்கச் சிரிப்பு. பாப்பாவும் சிரித்தாள், கை நிறைய வளையலோடு. வளையல் போட ஆகாத கை பிள்ளை வளர்க்க மட்டும் ஆகுமா என்று ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. வீடியோவில் என் குரல் தெளிவாகவே பதிந்திருக்கிறது. குடும்ப குரூப்பில் அதைப் போட்டபோது எல்லாரும் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது என்று பாப்பாவைத் தாய்வீட்டுக்கு அனுப்பாமல் தி.நகரிலேயே வைத்துக்கொண்டார்கள். பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு மற்ற விருந்தாளிகளைப் போலப் பழம் வாங்கிக்கொண்டு போனேன், பார்த்தேன், வந்துவிட்டேன். குழந்தையைத் தூக்கவில்லை. தூக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு தி.நகர்ப் பக்கமே போகவில்லை. அண்ணன் இரண்டொரு முறை ஜாடையாகக் கேட்டான். காது கேளாததுபோல மாடிக்கு ஏறிவிட்டேன். இந்த ஒரு தடவை தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நேற்று பாப்பா போன் செய்தாள். குரல் அப்படிக் குழைந்தது. "அத்தை, எப்ப வர? உன் போட்டோவக் காட்டினா இவ சிரிக்கிறா தெரியுமா? யாரு தூக்கினாலும் அழறா. உன் கை பட்டா சரியாயிடும்."

பின்னால் குழந்தை அழுவது கேட்டது. பாப்பா அழுததும் அதே மாதிரிதான், மூச்சை இழுத்து இழுத்து. நான் எழுந்து நின்றுவிட்டேன். செருப்பு எங்கே என்று கண் தேடியது. அப்புறம் கேட்டேன்.

"உனக்கு லீவு எப்ப முடியுது?"

அவள் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொள்வது கேட்டது.

"அடுத்த மாசம், அத்தை."

நண்டுக்குத் தெரியாது என்று அன்றைக்கு வகுப்பில் சொன்னேன். தெரிந்திருந்தால் மட்டும் அது என்ன செய்துவிடும் என்று அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் கேட்காமல் விட்டாள்.